டிமொக் கிராமத்தின் கிணறுகள்: எரிவாயு வருமுன் நீர் எப்படி இருந்தது?

2009ஆம் ஆண்டு புத்தாண்டு தினத்தன்று, அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திலுள்ள டிமொக் என்ற கிராமத்தில் ஒரு வீட்டின் குடிநீர்க் கிணறு வெடித்தது. கிணற்றை மூடியிருந்த கனமான கொன்கிறீட் மூடி உடைந்து சிதறியது. யாரும் காயமடையவில்லை. நீரோடு மேலே வந்த மெதேன் வாயு மூடிக்குக் கீழே தேங்கித் தீப்பற்றியதே காரணம் எனக் கருதப்பட்டது. அந்த ஊரைச் சுற்றி இயற்கை எரிவாயுக்காகத் துளையிடத் தொடங்கி அதிக காலம் ஆகியிருக்கவில்லை.

அதற்குப் பிறகு அந்த ஊர் மக்கள் ஒரே கேள்வியோடு பதின்மூன்று ஆண்டுகள் அலைந்தார்கள். எங்கள் கிணற்றுக்குள் இந்த வாயு எப்படி வந்தது? கம்பனியின் பதில் மாறவே இல்லை. அது முன்பிருந்தே அங்கே இருந்தது என்றது கம்பனி. 'முன்பு' என்ற அந்த ஒரு சொல்லில்தான் முழு வழக்கும் சிக்கிக் கிடந்தது.

தமிழகத்தின் நெடுவாசலில் 2017இல் ஹைட்ரோகார்பன் திட்டத்துக்கு எதிராக விவசாயிகள் போராடியபோது, பூமிக்கடியில் பாறையை உடைத்து வாயு எடுப்பது பற்றிய பேச்சு நம்மவர்களையும் எட்டியது. ஆயினும் அந்தத் தொழில் ஒரு ஊருக்குள் வந்த பிறகு என்ன நடக்கும் என்பதை ஆண்டு வாரியாகப் பின்தொடர்ந்து பார்க்க, டிமொக்கைப் போன்ற உதாரணங்கள் சிலவே உள்ளன.

பாறையை உடைப்பது எப்படி?

பென்சில்வேனியாவின் கீழே மார்செலஸ் எனப்படும் ஒரு களிப்பாறைப் படை கிடக்கிறது. ஏறத்தாழ 39 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் கடலடியில் படிந்த சேறு இறுகி உருவான பாறை இது. அதன் நுண்ணிய துளைகளுக்குள் வாயு சிறைப்பட்டிருக்கிறது. சாதாரணமாகத் துளையிட்டால் அது மேலே வராது. பாறையில் வெடிப்புகளை உண்டாக்கி வழி செய்து கொடுக்க வேண்டும்.

அதற்காக முதலில் ஒன்றரை முதல் இரண்டு கிலோமீற்றர் ஆழம் வரை நேராகத் துளையிடுகிறார்கள். பாறைப் படையை அடைந்ததும் துளையைப் பக்கவாட்டில் திருப்பி, மேலும் ஒரு கிலோமீற்றருக்கு அதிகமாகக் கொண்டு செல்கிறார்கள். பின்னர் மணலும் இரசாயனங்களும் கலந்த நீரை மிக உயர்ந்த அழுத்தத்தில் உள்ளே செலுத்துகிறார்கள். பாறை வெடிக்கிறது. வெடிப்புகள் மீண்டும் மூடிக்கொள்ளாதபடி மணல் அவற்றைத் தாங்கி நிற்கிறது. வாயு குழாய் வழியே மேலே வருகிறது. இதைத்தான் நீரியல் விரிசல் முறை, அல்லது ஃபிராக்கிங் என்கிறார்கள். மார்செலஸ் பாறையில் ஒரு துளைக்கு மட்டும் 100 இலட்சம் லீற்றருக்கும் அதிகமான நீர் தேவைப்படுகிறது. அதில் ஒரு பகுதி உப்பும் பேரியமும், கதிரியக்கமுள்ள ரேடியமும் கலந்த கழிவுநீராகத் திரும்பி மேலே வருகிறது.

நாம் குடிக்கும் நிலக்கீழ் நீர் இருப்பது மேலே, சில பத்து மீற்றர்கள் முதல் நூறு மீற்றர் வரையான ஆழத்தில். வாயுத் துளை அந்த நீர்ப்படையைக் கடந்துதான் கீழே போகிறது. நீரையும் துளையையும் பிரித்து வைத்திருப்பவை இரும்புக் குழாயும், அதைச் சுற்றி ஊற்றப்படும் சீமெந்தும் மட்டுமே. இரண்டு கிலோமீற்றர் ஆழத்தில் நடக்கும் பாறை உடைப்பைப் பற்றியே பெரிதாகப் பேசப்படுகிறது. டிமொக்கில் பிரச்சினை எழுந்தது இந்தச் சீமெந்தில்தான். சீமெந்து சரியாகப் பிடிக்காமல் இடைவெளி விழுந்தால், ஆழத்திலோ நடுப்படைகளிலோ உள்ள வாயு குழாயின் வெளிப்புறம் வழியாக ஏறி நீர்ப்படைக்குள் புகுந்துவிடும்.

நீரில் கரைந்த மெதேனுக்கு நிறமோ மணமோ இல்லை. குடிப்பதால் உடனடியாக நஞ்சாவதும் இல்லை. ஆனால் குளியலறை, கிணற்று மூடி போன்ற மூடிய இடங்களில் அது நீரிலிருந்து பிரிந்து தேங்கினால் வெடிக்கும். ஒரு லீற்றர் நீரில் 28 மில்லிகிராமுக்கு மேல் மெதேன் இருந்தால் உடனடி நடவடிக்கை தேவை என்பது அமெரிக்க உள்துறைத் திணைக்களத்தின் வழிகாட்டல்.

ஒரு ஏக்கருக்கு 25 டொலர்

அந்தக் காலத்தில் டிமொக்கில் வாழ்ந்தவர்கள் சுமார் 1,500 பேர். பாற்பண்ணைகளும் கல் குவாரிகளும் உள்ள மலைநாட்டு ஊர். பண்ணைகள் கடனில் தத்தளித்துக் கொண்டிருந்த காலத்தில், 2006ஆம் ஆண்டளவில், டெக்சாஸ் மாநிலத்தின் ஹியூஸ்டனைத் தளமாகக் கொண்ட கெபொட் ஒயில் அண்ட் கேஸ் நிறுவனத்தின் முகவர்கள் வீடு வீடாக வந்தார்கள்.

அமெரிக்காவில் காணிச் சொந்தக்காரருக்கே பெரும்பாலும் நிலத்தடிக் கனிமமும் சொந்தம். ஆகவே துளையிடுவதற்கு அவரிடம் குத்தகை எழுதி வாங்க வேண்டும். ஆரம்பத்தில் கையெழுத்திட்ட பலருக்கு ஏக்கருக்கு 25 டொலர்தான் கிடைத்தது. சில ஆண்டுகளில் அதே வட்டாரத்தில் ஏக்கர் ஒன்றுக்கு ஆயிரக்கணக்கான டொலர் கொடுக்கப்பட்டது. வாயு விற்பனையில் எட்டில் ஒரு பங்கையாவது உரிமைப் பணமாகக் கொடுக்க வேண்டும் என்பது 1979ஆம் ஆண்டு முதல் அந்த மாநிலச் சட்டம். ஆனால் வாயுவைச் சுத்திகரித்துச் சந்தைக்குக் கொண்டு செல்லும் செலவைக் கழித்துவிட்டு அந்தப் பங்கைக் கணக்கிடலாம் என 2010இல் மாநில உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எட்டில் ஒன்று என்று எழுதி வாங்கியவருக்குக் கைக்கு வந்தது அதைவிடக் குறைவு.

கையெழுத்திட்டவர்களைப் பேராசைக்காரர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. பண்ணையைக் காப்பாற்றிக் கொள்ள அவர்களுக்கு வேறு வழி அதிகம் இருக்கவில்லை. பலரது கடன் உண்மையிலேயே தீர்ந்தது. அதனால்தான் கிணறுகள் கெட்டபோது ஊர் ஒன்றாக நிற்கவில்லை. ஒரே வீதியில் ஒரு வீட்டில் குழாயைத் திறந்தால் நீர் நுரைத்துக்கொண்டு வந்தது. அடுத்த வீட்டுக்கு மாதாமாதம் காசோலை வந்தது.

தீர்வு வந்தது, திரும்பிப் போனது

2009 செப்டெம்பரில் டிமொக்கில் ஒரு துளைத்தளத்தில் சுமார் 30,000 லீற்றர் பிளப்புத் திரவக் கலவை அடுத்தடுத்துச் சிந்தி, ஒரு ஓடையைச் சென்றடைந்தது. அதே ஆண்டு மாநிலச் சுற்றாடல் பாதுகாப்புத் திணைக்களம், நிறுவனத்தின் குறைபாடுள்ள துளைகள் வழியாகவே வாயு குடிநீர்க் கிணறுகளுக்குள் புகுந்தது என்ற முடிவுக்கு வந்தது. பாதிக்கப்பட்டவையாக 18 குடிநீர்க் கிணறுகள் அடையாளம் காணப்பட்டன. 2010 ஏப்ரலில் ஏறத்தாழ 23 சதுர கிலோமீற்றர் பரப்பில் புதிதாகத் துளையிட நிறுவனத்துக்குத் தடை விதிக்கப்பட்டது. 2,40,000 டொலர் தண்டப்பணமும் விதிக்கப்பட்டது.

நிரந்தரத் தீர்வாக, அயலிலுள்ள மொன்ட்ரோஸ் நகரிலிருந்து சுமார் 20 கிலோமீற்றருக்குக் குழாய் நீர் கொண்டுவரப்படும் என்று அதே ஆண்டு மாநில அரசு அறிவித்தது. செலவு ஏறத்தாழ 12 மில்லியன் டொலர். நிறுவனம் பணம் தர மறுத்தது. தங்கள் வரிப்பணம் செலவாகும் என்று அதே மாவட்டத்து மக்களில் ஒரு பகுதியினரும் எதிர்த்தார்கள். 2010 டிசெம்பரில் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. பதிலாக 19 குடும்பங்களுக்கு 4.1 மில்லியன் டொலர் நட்டஈடும், வாயுவைப் பிரித்தகற்றும் கருவிகளும் வழங்குவது என்று முடிவானது.

2011 நவம்பர் இறுதியில் மாநில அரசின் அனுமதியோடு நிறுவனம் வீடுகளுக்கு நீர் கொண்டு வந்து கொடுப்பதை நிறுத்தியது. 2012 தொடக்கத்தில் மத்திய அரசின் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் நான்கு வீடுகளுக்கு நீர் வழங்கி, அறுபதுக்கும் மேற்பட்ட வீடுகளின் நீரைச் சோதித்தது. ஐந்து கிணறுகளில் கவலைக்குரிய அளவில் ஆசனிக், பேரியம், மங்கனீஸ் போன்றவை இருந்தன. ஆனால் அவற்றுக்குச் சுத்திகரிப்புக் கருவி உண்டு அல்லது பொருத்தலாம் என்று கூறி, மேலதிக நடவடிக்கை தேவையில்லை என ஜூலையில் அந்த முகவரகம் ஒதுங்கிக்கொண்டது. அதே தரவுகளை மீளாய்வு செய்த மற்றொரு மத்திய சுகாதார நிறுவனம், உடல்நலத்தைப் பாதிக்கக்கூடிய அளவில் இரசாயனங்கள் 27 கிணறுகளில் இருந்ததாகவும், 17 கிணறுகளில் வெடிப்பு போன்ற ஆபத்து இருந்ததாகவும் அறிக்கையிட்டது. அந்த அறிக்கை வெளிவந்தது 2016இல், நான்கு ஆண்டுகள் கழித்து.

ஒரே நீர், ஒரே மாதிரிகள். இரண்டு அரச நிறுவனங்கள், இரண்டு முடிவுகள்.

'முன்பு' என்பதை நிரூபிப்பது யார்?

விஞ்ஞானிகளும் இதே கேள்வியில்தான் மோதினார்கள். டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வு, துளையிடும் இடங்களுக்கு ஒரு கிலோமீற்றருக்குள் உள்ள குடிநீர்க் கிணறுகளில் மெதேனின் சராசரி அளவு, தொலைவில் உள்ளவற்றைவிட 17 மடங்கு அதிகம் எனக் கூறியது. பிளப்புத் திரவத்தின் இரசாயனங்கள் கிணறுகளுக்குள் வந்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்றும் அதே ஆய்வு சொன்னது. கெபொட் நிறுவனத்தோடு தொடர்புடைய ஆய்வாளர்கள் 2013இல் 1,701 கிணறுகளின் தரவுகளை முன்வைத்து, பள்ளத்தாக்குகளில் உள்ள கிணறுகளில் மெதேன் இயற்கையாகவே அதிகம் என்று வாதிட்டார்கள்.

இரண்டிலும் உண்மை இருக்கலாம். அந்த மாவட்டத்தில் துளையிடுவதற்கு முன்னரும் சில கிணறுகளில் மெதேன் இருந்தது. ஆனால் குறிப்பிட்ட ஒரு வீட்டின் கிணற்றில் 2007இல் எவ்வளவு இருந்தது என்று கேட்டால், பெரும்பாலான வீட்டாரிடம் பதில் இல்லை. பென்சில்வேனியாவில் ஏறத்தாழ 30 இலட்சம் பேர் சொந்தக் கிணற்று நீரைக் குடிக்கிறார்கள். சொந்தக் கிணறுகளை மாநில அரசு கண்காணிப்பதில்லை. நல்ல நீரை ஆய்வுகூடத்துக்கு அனுப்பிக் காசு செலவழிக்க யாருக்கும் தோன்றுவதில்லை. நம் ஊர்களிலும் அப்படித்தான்.

2012இல் மாநிலச் சட்டம் மாற்றப்பட்டது. வாயுத் துளையிலிருந்து சுமார் 760 மீற்றருக்குள், துளையிட்டு 12 மாதங்களுக்குள் ஒரு கிணறு கெட்டால், நிறுவனமே காரணம் என்று கருதப்படும். முன்னர் இது 300 மீற்றரும் ஆறு மாதங்களுமாக இருந்தது. தான் காரணம் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு இப்போது நிறுவனத்தின் தலையில். அதிலிருந்து தப்ப நிறுவனத்துக்கு உள்ள முக்கிய வழி, துளையிடும் முன்பே நீர் கெட்டிருந்தது எனச் சோதனை மூலம் காட்டுவது. ஆகவே நிறுவனங்கள் இப்போது துளையிடும் முன் அயல் கிணறுகளையெல்லாம் சோதித்துப் பதிவு செய்து வைத்துக்கொள்கின்றன. 'முன்பு' பற்றிய ஆவணம் நிறுவனத்தின் கையில் பத்திரமாக இருக்கிறது. கிணற்றுச் சொந்தக்காரர் தன் பங்குக்குச் சோதிக்காவிட்டால் அந்த ஒரு ஆவணம் மட்டுமே மிஞ்சும்.

நீதிமன்றத்திலும் இதுதான் நடந்தது. டிமொக்கின் பெரும்பாலான குடும்பங்கள் 2012இல் நிறுவனத்தோடு சமரசம் செய்துகொண்டன. நிபந்தனைகளை வெளியே சொல்லக்கூடாது என்பது அந்த உடன்பாட்டின் ஒரு பகுதி. விட்டுக்கொடுக்காத இரண்டு குடும்பங்களுக்கு 2016 மார்ச்சில் ஜூரிகள் 4.24 மில்லியன் டொலர் நட்டஈடு வழங்கத் தீர்மானித்தார்கள். ஓர் ஆண்டின் பின்னர், ஆதாரம் போதாது என்பது உட்பட்ட காரணங்களைக் கூறி நீதிபதி அந்தத் தீர்ப்பை ரத்துச் செய்து, மறுவிசாரணைக்கு உத்தரவிட்டார். பின்னர் அந்தக் குடும்பங்களும் சமரசத்துக்குப் போயின.

2020இல் மாநிலச் சட்டமா அதிபராக இருந்த ஜோஷ் ஷபீரோ நிறுவனத்தின் மீது 15 குற்றச்சாட்டுகளைச் சுமத்தினார். இடையில் கெபொட் வேறொரு நிறுவனத்தோடு இணைந்து கோட்டெரா என்ற புதிய பெயரைப் பெற்றது. 2022 நவம்பர் 29 அன்று கோட்டெரா ஒரேயொரு சிறு குற்றச்சாட்டுக்கு, குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலும் எதிர்த்து வாதாடாமலும், தண்டனையை ஏற்றது. ஊருக்குக் குழாய் நீர் கொண்டுவர 16.29 மில்லியன் டொலரும், பாதிக்கப்பட்டவர்களின் நீர்க்கட்டணத்தை 75 ஆண்டுகளுக்கும் கொடுக்க உடன்பட்டது. 2010இல் 12 மில்லியனுக்குக் கைவிடப்பட்ட அதே தீர்வுதான் இது. அந்த நீர் வந்து சேர 2027 ஆகும் என்று அப்போதே கூறப்பட்டது.

அதே நாளில் இன்னொன்றும் நடந்தது. 12 ஆண்டுகளாக இருந்த துளையிடல் தடையை மாநிலச் சுற்றாடல் திணைக்களம் ஓசையின்றித் தளர்த்தியது. தடைசெய்யப்பட்ட பரப்புக்குள் நேரே துளையிட முடியாது. ஆனால் வெளியிலிருந்து பக்கவாட்டில் துளைத்து, அந்த வீடுகளுக்குக் கீழேயுள்ள வாயுவை எடுக்கலாம்.

எல்லைக்கு அப்பால்

டிமொக்கிலிருந்து வடக்கே கொஞ்சத் தூரத்தில் நியூயோர்க் மாநில எல்லை வந்துவிடும். பாறை எல்லை பார்ப்பதில்லை. மார்செலஸ் படை அங்கும் தொடர்கிறது. ஆனால் அங்கே ட்ரைடன் என்ற சிறிய ஊரின் உள்ளூராட்சி சபை 2011இல் தன் காணிப் பயன்பாட்டு விதிகளைக் கொண்டே வாயுத் துளையிடலைத் தடை செய்தது. நிறுவனம் வழக்குத் தொடுத்தது. 2014 ஜூனில் மாநிலத்தின் அதியுயர் நீதிமன்றம் ஊர்ச் சபைக்கு அந்த அதிகாரம் உண்டு என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு டிசெம்பரில் சுகாதாரக் காரணங்களை முன்வைத்து மாநில அரசே இத்தொழிலைத் தடை செய்வதாக அறிவித்தது.

பென்சில்வேனியா அரசு இதற்கு நேர்மாறாக, 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் ஊர்ச் சபைகளின் அதிகாரத்தைப் பறிக்க முயன்றது. சுத்தமான நீரும் காற்றும் மக்களின் உரிமை என்று கூறும் மாநில அரசியலமைப்பின் பிரிவை முக்கிய ஆதாரமாகக் கொண்டு 2013இல் மாநில உயர் நீதிமன்றம் அந்தப் பகுதிகளைச் செல்லுபடியற்றதாக்கியது. பிரிவு எழுதப்பட்டது 1971இல். நாற்பது ஆண்டுகளாகக் காகிதத்தில் கிடந்த ஒரு வரி, சில ஊர்ச் சபைகள் வழக்குப் போட்டபோதே உயிர் பெற்றது.

சுன்னாகத்தில் கேட்ட அதே கேள்வி

இலங்கையில் ஃபிராக்கிங் நடப்பதில்லை. மன்னார்ப் படுகையில் 2011இல் கெய்ன் நிறுவனம் எரிவாயுவைக் கண்டது ஆழ்கடலுக்கு அடியில். அது இன்னும் வெளியே எடுக்கப்படவில்லை. நமது சட்டப்படி பெற்றோலியமும் இயற்கை எரிவாயுவும் அரசுக்குச் சொந்தம். டிமொக் விவசாயிக்குக் கிடைத்த உரிமைப் பணம் இங்கே காணிக்காரருக்குக் கிடைக்காது. குத்தகையில் கையெழுத்திட மறுக்கும் வாய்ப்பும் கிடைக்காது.

ஆனால் 'முன்பு எப்படி இருந்தது' என்ற கேள்வியை யாழ்ப்பாணம் ஏற்கனவே சந்தித்துவிட்டது. வற்றாத ஆறு ஒன்றும் இல்லாத குடாநாட்டில் குடிப்பதற்கும் தோட்டத்துக்கும் சுண்ணக்கல்லில் தேங்கும் நீர்தான். 2013, 2014இல் சுன்னாகம் மின்நிலையச் சுற்றாடலில் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை சோதித்த 150 கிணறுகளில் 109இல் எண்ணெய் அதிகமாக இருந்தது. இது நொதேர்ன் பவர் நிறுவனத்தின் கழிவா, முன்பிருந்த மின்சார சபை நிலையத்தின் பழைய எண்ணெயா, போர்க்காலத்தில் சேதமடைந்த தாங்கிகளிலிருந்து கசிந்ததா என்ற வாதம் எழுந்தது. நீர் ஆபத்தானதா இல்லையா என்பதிலேயே நிபுணர்கள் முரண்பட்டார்கள். 2019 ஏப்ரல் 4 அன்று உயர் நீதிமன்றம் அடிப்படை உரிமை மீறல் வழக்கொன்றில், பாதிக்கப்பட்ட மக்களுக்கு 20 மில்லியன் ரூபாய் நட்டஈடு வழங்க நொதேர்ன் பவர் நிறுவனத்துக்கு உத்தரவிட்டது. அதுவரை பல குடும்பங்கள் பவுசர் வரும் நேரம் பார்த்து வாளிகளோடு காத்திருந்தன.

இடம்பெயர்வில் காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் தொலைத்தவர்களுக்கு, ஆதாரம் இல்லாதவரின் பேச்சு அலுவலகங்களில் எப்படிக் கேட்கப்படும் என்று யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. கிணற்று நீருக்கும் அது பொருந்தும். எரிவாயு, மணல், சுண்ணக்கல், மின்நிலையம், தொழிற்சாலை என எது ஊருக்கு வந்தாலும் செய்யக்கூடிய சில காரியங்கள் உண்டு.

வேலை தொடங்குமுன் ஊரின் கிணறுகளில் சிலவற்றையாவது, மழைக்காலத்தில் ஒருமுறையும் கோடையில் ஒருமுறையும், நிறுவனத்தோடு தொடர்பில்லாத ஆய்வுகூடத்தில் சோதிக்க வேண்டும். தனியாக ஒருவரால் அந்தச் செலவைத் தாங்க முடியாது. கிராம அபிவிருத்திச் சங்கமோ விவசாய சம்மேளனமோ சேர்ந்து செய்யலாம். மாதிரி எடுத்த திகதி, கிணறு இருக்கும் இடம், எடுத்தவர் பெயர் ஆகியன அறிக்கையில் இருக்க வேண்டும். பிரதிகள் ஒரே வீட்டில் இருக்கக்கூடாது. ஒன்று பிரதேச சபையிலும், இன்னொன்று ஊருக்கு வெளியிலும் இருப்பது நல்லது. சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை மக்கள் பார்வைக்கு வைக்கப்படும்போது, அதில் நம் கிணறுகளின் தற்போதைய நிலை எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் அந்தக் காலக்கெடுவுக்குள் எழுத்தில் ஆட்சேபிக்க வேண்டும். பேசக்கூடாது என்ற நிபந்தனையோடு யாராவது பணம் நீட்டினால், அயல் வீட்டாரோடு பேசிவிட்டே கையெழுத்தைப் பற்றி யோசிக்க வேண்டும்.

இவற்றால் ஒரு கிணறு கெடுவதைத் தடுத்துவிட முடியாது. கெட்ட பின்னர் யார் எதை நிரூபிக்க வேண்டும் என்பதை மாற்றலாம். டிமொக் மக்களுக்குப் பதின்மூன்று ஆண்டுகள் பிடித்தது அந்த இடத்தில்தான்.